சுருட்டு மெஷினுக்குள் என்ன நடக்கிறது?

செட்டிநாட்டுப் பக்கம் கருப்பருக்கும் முனிக்கும் படையல் என்றால் அதில் சுருட்டு இருக்கும். பெரும்பாலும் கடையில் வாங்கியதுதான். அதையே வீட்டில் சுருட்ட, சட்டைப் பையில் அடங்குகிற அளவில் ஒரு கை மெஷின் இருக்கிறது. மோட்டாரோ பல்சக்கரமோ கிடையாது. இரண்டு உருளை, அவற்றைச் சுற்றி ஒரு பட்டை, தாங்கிப் பிடிக்க ஒரு சட்டம், அவ்வளவுதான். பழகின கை செய்கிற வேலையில் பாதியை இது செய்துவிடுகிறது.

மெஷினைத் திறந்தால் உருளைகள் விலகி நிற்கும். ஒன்று நிலையானது, மற்றது பள்ளத்தில் முன்னும் பின்னும் நகரும். இரண்டையும் சேர்த்துச் சுற்றிய பட்டை நடுவில் தொட்டில் போலத் தொய்ந்து கிடக்கும். அந்தத் தொய்வில் புகையிலைத் தூளைப் பரப்பி, நகரும் உருளையைத் தள்ளி மூடினால் பட்டை தூளைச் சூழ்ந்துகொள்ளும். இப்போது முன் உருளையைக் கட்டைவிரல்களால் உருட்டினால் பட்டை ஓடும், பின் உருளையும் அதே திசையில் சுழலும். இடையில் மாட்டிய புகையிலை மட்டும் எதிர்த்திசையில் சுழலும்.

அள்ளிப் போட்ட தூள் எப்படி உருண்டையான குச்சியாகிறது? தூளைச் சுற்றி மடிந்திருக்கும் பட்டையின் நீளம் மாறாது. உள்ளே அமுங்கிய புகையிலை விரியப் பார்க்கிறது, வெளியே பட்டை இறுக்குகிறது. ஒரே சுற்றளவுக்குள் அதிக இடம் கொடுக்கும் வடிவம் வட்டம்தான் என்பதால் புகையிலை அந்த வடிவத்துக்கே வந்து சேர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் புடைத்த இடம் அமுங்கும். அங்கிருந்து நகர்ந்த துணுக்கு பள்ளமான இடத்தில் போய் உட்காரும். சில சுற்றுகளிலேயே குச்சி நேராகிவிடும்.

ஆனால் நீளவாக்கில் நிரவ இந்த மெஷினால் முடியாது. நடுவில் தூள் குவிந்து ஓரத்தில் குறைந்தால், சுருட்டும் நடுவில் கெட்டியாகவும் நுனியில் பொலபொலவென்றும் வரும். இரு முனைகளிலும் ஒரு சிட்டிகை கூடுதலாக வைத்து, விரல் நுனியால் தடவி, கட்டி தட்டினால் உதிர்த்துவிட்டு மூடுவது நல்லது.

இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் காற்று. துணுக்குகளுக்கு இடையே உள்ள சந்துகள் வழியாகத்தான் புகை வாய்க்கு வருகிறது. மெல்லிய குழாயில் ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. சந்தின் அகலம் பாதியானால், அதே இழுப்புக்கு அதன் வழியே வரும் காற்று 16-ல் 1 பங்காகிவிடும். அதனால் தூள் சற்றுக் கூடினாலே அடைத்துக்கொள்ளும். குறைந்தால் சூடாக, வேகமாக எரிந்து தீரும். அமெரிக்க வரிச் சட்டத்தில் ஆயிரம் சுருட்டின் எடை 3 பவுண்டைத் தாண்டாவிட்டால் அது சிறு சுருட்டு. ஒன்றுக்குச் சுமார் 1.36 கிராம், தூளின் மேல் சுற்றும் மேலிலையும் சேர்த்து. இந்த எடையில் கால் கிராம் என்பது பெரிய வித்தியாசம்.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிகரெட் புகை சற்று அமிலத்தன்மை கொண்டது. புளிக்கவைத்துப் பதப்படுத்திய சுருட்டுப் புகையிலையின் புகை காரத்தன்மை கொண்டது. கார நிலையில் நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். 'நான் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை' என்பவருக்கும் அது ஏறுகிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயமும் உண்டு. சுருட்டு சாமிக்குப் படைப்பதோடு நிற்கட்டும் என்பதே என் எண்ணம்.

சரி, மேலிலைக்கு வருவோம். இங்கே மெஷினைவிட ஈரம்தான் முக்கியம். சித்திரை வெயிலில் காரைக்குடியில் காய்ந்த புகையிலையை வெளியே போட்டு வைத்தால் தொட்டாலே நொறுங்கும். நீர் இல்லாதபோது இலையின் செல்சுவரிலுள்ள செல்லுலோஸும் பெக்டினும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன, வளைத்தால் உடைகிறது. நீர் இடையில் புகுந்தால் அவை நழுவிக்கொடுக்கும், இலை வளையும், கொஞ்சம் இழுபடவும் செய்யும். புகையிலை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கக்கூடியது. ஈரத்துணியில் சுற்றி வளவின் (வீட்டு உள்முற்றத்தின்) நிழலில் இரவு முழுக்க வைத்தால், காலையில் கசக்கினாலும் ஒடியாத பதத்துக்கு வந்துவிடும். தண்ணீரில் முக்கினால் சாயம் இறங்கும், பூஞ்சையும் பிடிக்கும். ஈர இலையைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். நிகோடின் தண்ணீரில் கரைந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். புகையிலை அறுவடை செய்பவர்களுக்கு ஈர இலை பட்டே தலைசுற்றலும் வாந்தியும் வருவதுண்டு.

நடு நரம்பை உரித்துவிட்டு, மெஷினின் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்ட வேண்டும். பக்க நரம்புகள் சுருட்டின் நீளவாக்கில் ஓடினால் நல்லது. குறுக்கே ஓடினால் நரம்பு நிமிரப் பார்த்து ஒட்டை விரித்துவிடும். நரம்பு புடைத்த அடிப்பக்கம் உள்ளே போக வேண்டும். பர்மாச் சுருட்டில் மேலே சுற்றுவது புகையிலையே அல்ல, நறுவிலி இனத்து மரத்தின் இலை. துண்டின் விளிம்பை உருளைகளுக்கு இடையே செருகி உருட்டினால் பட்டையே அதை இழுத்துக்கொள்ளும். ஒரு விரற்கடை வெளியே நிற்கும்போது நிறுத்தி, மைதாப் பசை தடவி, மிச்சத்தையும் உருட்டிவிட வேண்டும்.

இப்படிச் சுற்றியதில் ஒட்டு முனையிலிருந்து முனை வரை நேர்கோடாக ஓடும். அது விட்டால் நீளம் முழுக்கக் காற்று கசியும். கைச்சுருட்டில் இலையை நாடாவாக வெட்டிச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே போவார்கள்; ஓரிடத்தில் விட்டாலும் அடுத்த சுற்று பிடித்துக்கொள்ளும். மெஷினில் ஓர் இலையைச் சுற்றி எடுத்து, அதன்மேல் இன்னொரு நாடாவைக் கையால் சாய்வாகச் சுற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

அப்புறம் காயவைப்பது. வெயிலில் வைத்தால் மேலிலை முந்திக் காய்ந்து சுருங்கும், உள்ளே இருக்கும் தூள் சுருங்காது, இலை வெடித்துவிடும். நிழலில் ஓரிரு நாள் விட்டால் இரண்டும் சேர்ந்தே ஈரம் இறங்கும். அப்போதும் மேலிலை கொஞ்சம் சுருங்கி உள்தூளை இறுக்கத்தான் செய்யும். அந்த இறுக்கத்துக்கும் இடம் விட்டு, தூளை நிரப்பும்போதே சற்றுத் தளர்வாக வைக்க வேண்டும்.