பாய்லர்பிளேட்: தமிழில் வார்ப்புரை

ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்கள், பயனர் கையேடுகளின் தொடக்கம், செய்திக்குறிப்புகளின் அடிப்பகுதி. இங்கெல்லாம் பொறுப்புத் துறப்பு, பதிப்புரிமை அறிவிப்பு, நிறுவன அறிமுகம் என்று ஒரே பத்தி எழுத்து மாறாமல் திரும்பத் திரும்ப வரும். இப்படி ஆவணத்துக்கு ஆவணம் எடுத்தாளப்படும் பகுதிதான் பாய்லர்பிளேட். ஒவ்வொரு நிரலிலும் எழுதியே தீரவேண்டிய வழக்கமான வரிகளை நிரலாளர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

நேர்ப்பொருள் கொதிகலன் தகடு. இரும்புத் தகட்டின் பெயர் எழுத்துக்கு வந்தது அச்சுத்தொழில் வழியாக.

ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கம் அமைத்த காலத்தில், பின்னால் மறுபடி அச்சிட நினைத்தால் அந்தப் பக்கத்தைக் கலைக்காமல் கட்டிவைக்க வேண்டும். எழுத்துகள் அத்தனையும் அதில் முடங்கிவிடும். 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் கெட் இதற்கு வழி தேடினார். கோத்த பக்கத்தின் மேல் சாந்தை அழுத்தி அச்சு எடுத்து, அதில் உருக்கிய உலோகத்தை வார்த்தால், பக்கம் முழுவதும் ஒரே தகடாகிவிடும். எழுத்துகளைப் பிரித்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பிரான்சின் ஃபிர்மன் திதோ 1790களில் இந்த முறைக்கு ஸ்டீரியோடைப் என்று பெயரிட்டார். ஸ்டீரியோஸ் என்றால் கிரேக்கத்தில் திண்மையானது. பிரெஞ்சு அச்சகங்களில் அந்தத் தகட்டுக்குக் கிளிஷே என்றும் பெயர். இந்த இரண்டு சொற்களும் பிற்பாடு தேய்ந்த எண்ணத்தையும் தேய்ந்த சொற்றொடரையும் குறிக்க வந்துவிட்டன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சிற்றூர் இதழ்களுக்கு, கட்டுரைகளை இப்படி வார்த்துத் தகடாகவே அனுப்பும் நிறுவனங்கள் தோன்றின. 1882இல் சிகாகோவில் தொடங்கிய அமெரிக்கன் பிரஸ் அசோசியேஷன் அவற்றில் முக்கியமானது. கொதிகலன் தகட்டை நினைவூட்டியதால் அச்சகத்தார் இதைப் பாய்லர்பிளேட் என்றார்கள். இடம் போதாவிட்டால் இதழாசிரியர் தகட்டை அறுத்துக் குறைக்கலாம்; உள்ளே ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. ஒப்பந்தங்களின் மாறாத பிரிவுகளுக்கு இந்தப் பெயர் பொருந்திப்போனது அதனால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கொதிகலன் தகடு என்று எழுதினால் யாருக்கும் புரியாது. வார்ப்புரு என்று சிலர் எழுதுகிறார்கள். அது டெம்பிளேட்டுக்கு உரியது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் அப்படித்தான் நிலைபெற்றிருக்கிறது. வார்ப்புரு என்பது நிரப்புவதற்கு இடம் விட்ட வடிவம். நமக்கு வேண்டியதோ நிரம்பிய வாசகம். என் தேர்வு வார்ப்புரை: வார்ப்பு, உரை இரண்டும் சேர்ந்தது. அச்சில் வார்த்தாற்போல என்று நாம் ஏற்கெனவே சொல்வதால் பொருள் தானாக விளங்கும். சொல்லின் அச்சக வரலாறும் கெடாது. பேச்சில் வார்ப்புருவோடு குழம்பும் என்றால் மாறா வாசகம் என்று சொல்லிவிடலாம்.

இன்றைய ஆவணங்களில் வார்ப்புரையை வெட்டி ஒட்டுவதுதான் பெரிய தொல்லை. முகவரி மாறினால் எந்தக் கோப்பில் பழையது மிச்சமிருக்கிறது என்று தேடித் தீராது. பத்தியை ஒரே கோப்பில் வைத்து, மற்ற ஆவணங்கள் அதை அழைக்கும்படி செய்வதே சரியான முறை. கட்டளைகள் எழுதி ஆவணம் உருவாக்கும் லேடெக் (LaTeX) மென்பொருளில் இன்புட் கட்டளை அந்தக் கோப்பை அதே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். இன்க்லூட் கட்டளை புதிய பக்கத்தில் தொடங்கும் என்பதால் அத்தியாயங்களுக்குத்தான் ஏற்றது. ஒற்றைப் பத்திக்கு வேண்டாம். பெரிய கோப்பிலிருந்து குறியிட்ட ஒரு பகுதியை மட்டும் எடுக்க கேட்ச்ஃபைல்பிட்வீன்டேக்ஸ் (catchfilebetweentags) என்ற லேடெக் துணைத்தொகுப்பு இருக்கிறது. வேர்டில் இன்க்லூட்டெக்ஸ்ட் புலம் இதே வேலையைச் செய்யும். ஒரே மூலத்தைப் பல ஆவணங்கள் அழைக்கும் இந்த முறைக்கு, ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லையும் உருவாக்கிய அமெரிக்கர் டெட் நெல்சன் வைத்த பெயர் டிரான்ஸ்குளூஷன்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. கையெழுத்தான ஒப்பந்தத்தை இந்த முறையில் விட்டுவைக்கக் கூடாது. மூலப் பத்தியைப் பிறகு திருத்தினால், பழைய ஒப்பந்தத்தை அதன் கோப்பிலிருந்து மறுபடி உருவாக்கும்போது, கையெழுத்திட்டவர் பார்த்தே இராத வாசகம் அதில் வந்து உட்காரும். கையெழுத்தான அன்றைய பிடிஎஃப்பையும், அப்போதிருந்த வார்ப்புரைக் கோப்பையும் தேதியிட்டுத் தனியாக எடுத்துவையுங்கள்.