விடியற்காலை வயிற்றுவலி பாம்புக்கடியாகவும் இருக்கலாம்

பாம்பு கடித்தால் வலிக்கும், வீங்கும், இரத்தம் கசியும் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். கண்ணாடி விரியன் கடிக்கு இது பொருந்தும். இரவில் வீட்டுக்குள் நுழையும் எண்ணெய் விரியனுக்கு, அதாவது கட்டு விரியனுக்கு, பொருந்தவே பொருந்தாது. திருகோணமலையில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு அதிக அச்சம் தருவது இந்த வலியில்லாக் கடிதான்.

தம்பலகாமம், மூதூர், சேருவில பக்கங்களில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் அதிகம். வயல் காவலுக்குப் போனால் கொட்டிலிலும் அதே நிலைதான். நித்திரையில் இருப்பவரை எண்ணெய் விரியன் கடித்தால் எறும்பு கடித்ததுபோல இருக்கும். சிலருக்கு அதுகூடத் தெரியாது. புரண்டு படுத்துவிடுவார்கள். பல்லின் தடத்தைத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். பின்னிரவில் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வரும். இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கொத்தமல்லித் தண்ணீரும் கேஸ்ட்ரிக் மாத்திரையும் கொடுத்துப் பொழுது விடியக் காத்திருப்பார்கள். உயிரைக் காக்க வேண்டிய நேரம் அங்கேதான் போய்விடுகிறது.

"இரவு முழுக்க வாந்தி ஐயா, அதுதான் நித்திரைக் கலக்கம்" என்று பிள்ளையைக் கொண்டுவரும் தாய் சொல்வார். நான் முதலில் பார்ப்பது வயிற்றை அல்ல, கண்ணை. "தம்பி, தலையை அசைக்காமல் மேலே பாருங்கள்" என்பேன். இமை எழாமல், நெற்றியைச் சுருக்கி, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்க்க முயன்றால் அது நித்திரைக் கலக்கமல்ல. அடுத்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, எச்சிலை விழுங்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பேன். இவை குறையக் குறைய மூச்சுத் தசைகளின் முறை நெருங்குகிறது.

இந்த நஞ்சு, நரம்பு தசையைத் தொடும் நுனியையே அழிக்கிறது. எதிர்நஞ்சு மருந்து இரத்தத்தில் மிச்சமிருக்கும் நஞ்சைத்தான் பிடிக்கும். அழிந்த நுனியைத் திருப்பித் தராது. அது மீண்டும் வளரும்வரை நாட்கணக்கில் செயற்கைச் சுவாசம் வேண்டும். கண்மணிகூட அசையாமல் கிடப்பவரைப் பார்த்து உறவினர்கள் நம்பிக்கை இழக்கிறார்கள். அப்படிக் கிடப்பவர்களில் பலருக்கு நினைவு இருக்கிறது, காதும் கேட்கிறது. பக்கத்தில் நின்று அழாதீர்கள், பெயர் சொல்லிப் பேசுங்கள். மூச்சைக் காப்பாற்றிவிட்டால் பெரும்பாலானோர் எழுந்து நடந்து வீடு போகிறார்கள்.

வயலில் நிலைமை வேறு. விதைப்பிலும் அறுவடையிலும் வரம்பில் கால் வைக்கும்போது கடிப்பது பெரும்பாலும் கண்ணாடி விரியன். அதன் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்து, சிறுநீரகத்தையும் தாக்கும். நம் நாட்டில் அது இமையையும் தொங்கவைக்கும். இரத்தம் உறைகிறதா என்று கண்டறிய ஒரு கண்ணாடிக் குழாய் போதும். புதிய, உலர்ந்த குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரு முறை சரிப்போம். கட்டியாகாமல் தண்ணீர்போல ஓடினால் எதிர்நஞ்சு உடனே ஏறவேண்டும். சவர்க்காரத்தில் கழுவிய குழாய் பொய் சொல்லிவிடும் என்பதால் பழையதைத் தொடவே மாட்டோம்.

கடித்த இடத்துக்கு மேல் இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், விஷக்கல்லும் வேண்டாம். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கையையோ காலையோ அசையாது வைத்து 1990 என்ற எண்ணில் அம்பியூலன்ஸை அழையுங்கள், அது இலவசம். வாந்தி எடுத்தால் இடது பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். பாம்பைத் துரத்த வேண்டாம். தூரத்தில் நின்று கைத்தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் போதும். செத்த பாம்பின் தலையும் கடிக்கும்.

விஷகடி வைத்தியரிடம் போவதை ஊர்வழக்கமாகவே நான் மதிக்கிறேன். ஆனால் அவர் வாசலில் கழியும் ஒரு மணி நேரத்தை எந்த மருந்தாலும் ஈடுசெய்ய முடியாது. 2012–13இல் இலங்கை முழுவதும் வீடு வீடாக நடந்த ஆய்வு, ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும் 400க்கும் மேற்பட்டோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது.

எல்லாக் கடிக்கும் எதிர்நஞ்சு ஏற்றமாட்டோம். "மருந்து போடாமல் வைத்திருக்கிறார்கள்" என்று கோபப்படுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் பயன்படுத்தும் மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து இந்தியாவில் தயாராவது. ஒவ்வாமை அடிக்கடி வருவதால் முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் போடுகிறோம். மூக்கு நுனி தூக்கிய சிறு குழிவிரியனுக்கு அந்த மருந்து வேலை செய்யாது. அதனால் நஞ்சின் அறிகுறி தெரிகிறதா என்று 24 மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருப்போம். பிள்ளைகளுக்கும் பெரியவர்களின் அதே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை.

எதிர்நஞ்சு ஏற்றி வீடு திரும்பியவருக்கு ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தோல் அரிப்பு வந்தால், அது மருந்தின் தாமதமான விளைவாக இருக்கலாம். சிகிச்சைச் சீட்டோடு திரும்பி வாருங்கள். மாத்திரையில் அது சரியாகும்.