திரையில் கோடு விழுகிறதா? முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்

எட்டுப் பத்து வருஷம் ஓடிய டெஸ்க்டாப் ஒருநாள் சேட்டையை ஆரம்பிக்கும். திரையின் குறுக்கே கோடு ஓடும், ஓரத்தில் பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள் முளைக்கும், இல்லாவிட்டால் ஒரு நொடி இருண்டுபோய் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வரும். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் சரியாகும், இரண்டு நாள் கழித்து மறுபடி வரும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே சமர்த்தாக ஓடும். இதில் காசு வீணாவது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: கோளாறு எங்கே என்று பார்க்காமலே பாகத்தை மாற்றுவது. மானிட்டரை மாற்றி, விண்டோஸை அழித்து மறுபடி போட்டு, கடைசியில் பார்த்தால் கேபிள்.

திரையில் தெரியும் படம் முதலில் நினைவகத்தில் வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம், புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு முழுப் படத்துக்குச் சுமார் 83 லட்சம் பைட். அதை நொடிக்கு 60 தடவை படித்து வெளியே தள்ள வேண்டும், அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 50 கோடி பைட், நீங்கள் எதையும் தொடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதும். கிராபிக்ஸ் சிப் படத்தை வரைந்து நினைவகத்தில் வைக்கிறது, இன்னொரு சுற்று அதை வரி வரியாகப் படித்து சாக்கெட்டுக்கு அனுப்புகிறது, அங்கிருந்து கேபிள், அப்புறம் மானிட்டருக்குள் இருக்கும் போர்டு, கடைசியில் கண்ணாடிப் பேனல். இந்தப் பாதையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் பிழை நுழையலாம், ஆனால் ஒவ்வொரு இடத்தில் நுழையும் பிழைக்கும் ஒரு முகம் உண்டு. அந்த முகத்தைப் பார்த்தே பாதையைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போகலாம்.

முதல் வெட்டு ஸ்கிரீன்ஷாட். கோளாறு திரையில் இருக்கும்போதே எடுத்து, அந்தப் படத்தை போனுக்கு அனுப்பி அங்கே திறந்து பாருங்கள் (அதே திரையில் பார்த்தால் எது படத்தில் இருக்கிறது, எது திரையில் இருக்கிறது என்று குழம்பும்). ஸ்கிரீன்ஷாட் நினைவகத்தில் இருக்கும் எண்களைத்தான் நகலெடுக்கிறது. அதற்குக் கேபிளும் தெரியாது, மானிட்டரும் தெரியாது. ஆகவே போனில் திறக்கும்போதும் அந்தக் கோடுகள் இருந்தால் குற்றவாளி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது: கிராபிக்ஸ் சிப், அதன் நினைவகம், டிரைவர் (அந்தச் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்), இவற்றில் ஒன்று. போனில் படம் சுத்தமாக வந்தால் பெரும்பாலும் சாக்கெட்டில் தொடங்கி அந்தப் பக்கம்தான் தேட வேண்டும். கோளாறு கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போகிறது என்றால் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓட விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

இரண்டாவது வெட்டு மானிட்டரின் சொந்த மெனு. பிரைட்னஸ் கூட்ட ஒரு பட்டனை அழுத்தினால் வரும் பெட்டி இருக்கிறதே, அதைக் கம்ப்யூட்டர் வரைவதில்லை, மானிட்டருக்குள் இருக்கும் சிப் வரைகிறது. பின்னால் படம் கிழிந்து நடுங்கும்போது இந்தப் பெட்டி மட்டும் தெளிவாக நின்றால் பெரும்பாலும் மானிட்டர் நிரபராதி, வரும் சிக்னலில்தான் கோளாறு. பெட்டியும் சேர்ந்து நடுங்கினால், அல்லது பெட்டிக்குள்ளும் அதே கோடு போனால், கம்ப்யூட்டரைத் திறக்கவே வேண்டாம். மேலிருந்து கீழ்வரை ஒரு புள்ளி அகலத்தில் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் செங்குத்துக் கோடு பெரும்பாலும் பேனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்புப் பட்டை விட்டுப்போனதால் வருவது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது, கடையிலும் பழைய மானிட்டருக்கு அது கட்டுப்படியாகாது.

சிக்னலில்தான் என்று தெரிந்தால் கேபிள். இங்கே பழைய விஜிஏவும் எச்டிஎம்ஐயும் வேறு வேறு மாதிரி சாகும். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் 0 முதல் 0.7 வோல்ட் வரையான மின்னழுத்தமாகப் போகின்றன. வோல்ட்தான் நிறம் என்பதால் சின்னச் சேதமும் நேரடியாகக் கண்ணில் படும். பச்சைக் கம்பி விட்டுப்போனால் திரை முழுக்க ஊதாச் சிவப்பு, நீலம் போனால் மஞ்சள். எழுத்துகளுக்கு வலப்பக்கம் மங்கலாக இன்னொரு நிழலெழுத்து தெரிந்தால் சிக்னல் கேபிளுக்குள் எதிரொலித்துத் திரும்புகிறது என்று பொருள். 75 ஓம் தன்மை கொண்ட நல்ல கேபிளில் இது வராது, ஒல்லியான மலிவுக் கேபிளில் வரும்.

எச்டிஎம்ஐ அப்படி மெதுவாக மங்காது. 1080 வரிப் படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப அதன் மூன்று ஜோடிக் கம்பிகளில் ஒவ்வொன்றும் நொடிக்குக் கிட்டத்தட்ட 148 கோடி பிட்டுகளைக் கடத்துகிறது. ஒரு பிட் தவறிப்போனால் திரும்பக் கேட்கும் ஏற்பாடே கிடையாது, போனது போனதுதான். அதனால்தான் கேபிள் கெட ஆரம்பிக்கும்போது படம் முழுக்கச் சரியாக இருந்து அங்கங்கே வெள்ளைப் பொறிகள் மட்டும் மின்னும், இன்னும் கொஞ்சம் கெட்டால் மானிட்டர் சிக்னலின் தாளத்தைத் தொலைத்துவிட்டு இருண்டுபோய், ஒன்றிரண்டு நொடியில் மறுபடி பிடித்துக்கொள்ளும். இதற்கு ஒரு செலவில்லாத சோதனை உண்டு. ரெசல்யூஷனை 1280 × 720-க்கு இறக்குங்கள், கம்பியில் போகும் வேகம் சரிபாதியாகும். பொறிகள் அப்படியே காணாமல் போனால் கேபிளையோ சாக்கெட்டையோ சந்தேகிக்கலாம். ஒரு சிக்கல் என்னவென்றால் விண்டோஸ் சில சமயம் டெஸ்க்டாப்பின் ரெசல்யூஷனை மட்டும் மாற்றிவிட்டு வெளியே பழைய வேகத்திலேயே அனுப்பிக்கொண்டிருக்கும், ஆகவே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் 'ஆக்டிவ் சிக்னல்' என்ற வரியும் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியில் இருந்து எழுந்தால் திரை ஒரு நொடி இருண்டு வருகிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். கேஸ் லிஃப்ட் வைத்த ஆபீஸ் நாற்காலிகளில் எழும்போதும் உட்காரும்போதும் உண்டாகும் நிலைமின் அதிர்வைச் சரியான கவசமில்லாத வீடியோ கேபிள் வாங்கிக்கொள்ளும். யுஎஸ்பி வழியாக மானிட்டரை இணைக்கும் தொழில்நுட்பத்தைத் தரும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே இதைத் தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. நம் வீடுகளில் இதோடு மூன்றாவது ஓட்டைக்கு எர்த்தே கொடுக்காத பிளக்பாயின்ட்டும், அதே லைனில் ஓடும் மிக்ஸியும் சேர்ந்துகொள்கின்றன.

சரி, ஸ்கிரீன்ஷாட்டிலேயே கோளாறு பதிந்திருக்கிறது என்றால்? கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பயாஸ் திரைக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) போய்க் கொஞ்ச நேரம் காத்திருங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. அங்கும் சதுரங்களும் புள்ளிக் கோலமும் வந்தால் அது ஹார்டுவேர், எத்தனை முறை டிரைவர் மாற்றினாலும் போகாது. பயாஸ் சுத்தமாக இருந்து விண்டோஸில் மட்டும் வந்தால் டிரைவராக இருக்கலாம், அல்லது வேலை கூடும்போது மட்டும் தடுமாறும் சிப்பாகவும் இருக்கலாம், இரண்டையும் பிரிக்க லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவில் இருந்து பூட் செய்து பார்ப்பது நல்லது. திரை உறைந்து, கறுத்து, மீண்டு வருகிற வகைக்கு விண்டோஸே ஒரு குறிப்பு எழுதி வைக்கும். விண்டோஸ் விஸ்டா காலத்தில் இருந்து கிராபிக்ஸ் சிப் 2 நொடிக்குமேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை வலுக்கட்டாயமாக மறுதொடக்கம் செய்கிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகியிருக்கும்.

நினைவகப் பிழையின் முகம் தனி. சம இடைவெளியில் கோடுகள், சதுரங்கக் கட்டம் மாதிரி அடுக்கு, ஒரே நிறத்தில் திரும்பத் திரும்ப வரும் புள்ளிகள். இந்த ஒழுங்கு தற்செயல் இல்லை. கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் பல சிப்புகளாக இருக்கிறது, வேகத்துக்காகப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி எல்லாச் சிப்புகளுக்கும் முறைவைத்துப் பங்கிடுகிறார்கள். ஒரு சிப் கெட்டால் அதன் முறை வரும் இடங்கள் மட்டும் கெடும், அதனால் பிழையும் முறை தவறாமல் வருகிறது. தனிக் கார்டு இல்லாமல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் என்றால் அது சாதாரண ரேமைத்தான் கடன் வாங்குகிறது, ஆகவே அங்கே சந்தேகம் ரேம் மீது போக வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற மென்பொருளை ஒரு ராத்திரி ஓட விடுங்கள்.

இனி வயசு விஷயம். புதிதாக இருந்தபோது வராதது ஏன் இப்போது வருகிறது? பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு பொருள்கள் முதுமை அடைகின்றன, ஒன்று எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர், இன்னொன்று சாலிடர் (சிப்புகளை போர்டோடு இணைக்கும் உலோகப் பற்று). கப்பாசிட்டர் மொட்டைமாடித் தொட்டி மாதிரி: சிப் திடீரென்று நிறைய மின்னோட்டம் கேட்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இருந்து வந்து சேருவதற்குள் இது கைவசம் இருப்பதைக் கொடுத்து வோல்டேஜ் விழாமல் பார்த்துக்கொள்கிறது. உள்ளே ஒரு திரவம், அது காயக் காயக் கொள்ளளவு குறையும், உள்தடை ஏறும். எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதற்கு மின்னணுக்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது: வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்டிருக்கும் கப்பாசிட்டர் 65 டிகிரியில் ஓடினால் 32,000 மணி நேரம், தினம் எட்டு மணி நேரம் என்றால் ஏறக்குறைய 11 வருஷம். தூசி அடைத்து அதே இடம் 75 டிகிரிக்கு ஏறினால் ஐந்தரை வருஷம். ஃபேன் பிளேடில் படிந்திருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பஞ்சு உங்கள் கம்ப்யூட்டரின் பாதி ஆயுளைத் தின்ன முடியும்.

2000-களின் முதல் பாதியில் இந்தக் கணக்கையும் மீறி, சரியாகத் தயாரிக்கப்படாத திரவம் போட்ட கப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க இரண்டு மூன்று வருஷத்திலேயே வீங்கி வெடித்தன. இன்றைய மதர்போர்டுகளில் முக்கிய இடங்களில் திரவமில்லாத பாலிமர் வகையே அதிகம், ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளும் பல மானிட்டர்களுக்குள்ளும் பழைய வகை இன்னும் இருக்கிறது.

சாலிடரின் கதை வேறு. கிராபிக்ஸ் சிப்பின் சிலிக்கான் சூட்டில் விரிவதைவிட அதைத் தாங்கும் அட்டை நான்கைந்து மடங்கு அதிகம் விரிகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட சாலிடர்ப் புள்ளிகள் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இழுபட்டு, ஒருநாள் கண்ணுக்குத் தெரியாத கீறல் விடும். இது பெரிய கம்பெனிகளையே உலுக்கிய பிரச்சினை. 2008 ஜூலையில் என்விடியா தன் பழைய சிப்புகள் சிலவற்றில் சிப்பைப் பொதித்த பொருள்கள் பலவீனமானவை என்று ஒத்துக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. கார்டை ஓவன் அடுப்பில் வைத்துச் சுட்டால் சரியாகும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றனவே, அது சில வாரங்களுக்குத்தான். ஈயமில்லா சாலிடர் உருகவே 217 டிகிரிக்குமேல் வேண்டும், அதற்குக் குறைந்த சூட்டில் எதுவும் உருகி ஒட்டவில்லை, கீறலின் இரு முனைகளும் தற்காலிகமாக உரசிக்கொள்கின்றன, அவ்வளவே. சமையல் ஓவனில் இதைச் செய்கிறவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இந்த இரண்டும் எப்போது வம்பு செய்யும் என்பதே ஒரு தடயம். காலையில் போட்டதும் நடுங்கி, பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டால் கப்பாசிட்டரைப் பாருங்கள், குளிர்ந்திருக்கும்போது காய்ந்த கப்பாசிட்டரின் உள்தடை இன்னும் அதிகம். போட்டதும் நன்றாக ஓடி, அரைமணி கழித்தோ கேம் திறந்ததுமோ வந்தால் சூடு: காய்ந்த தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை மேலே உள்ள உலோகத்துக்குக் கடத்தும் பசை), நின்றுபோன ஃபேன், விரிந்து பிரியும் சாலிடர். தட்டினால் சரியாகிறது என்றால் இரண்டையும் விட்டுவிட்டுத் தொடர்புகளைப் பாருங்கள்.

அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்டபிறகு உள்ளே கை வையுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கப்பாசிட்டர் ஷாக் அடிக்கும் அளவுக்குத் தேக்கி வைத்திருக்கும். கிராபிக்ஸ் கார்டைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள், கனமான கார்டு வருஷக்கணக்கில் தொங்கி, ஸ்லாட்டின் தூர முனையில் கொஞ்சம் எழும்பி நிற்கும். ஸ்லாட்டின் கொக்கியை அழுத்திக் கழற்றினால் அடியில் தங்கப் பூச்சிட்ட பட்டைகள் தெரியும், அவற்றில் மங்கலான படலம் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் இதைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது வழக்கம், வேலை செய்யும், ஆனால் தங்கப் பூச்சு மிக மெல்லியது என்பதால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியே மேல். ரேமுக்கும் இதையே செய்துவிட்டு இரண்டையும் 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். கப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும், குமிழாகப் புடைத்திருந்தால் அல்லது அடியில் பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தால் ஆள் கிடைத்துவிட்டான்.

எஸ்எம்பிஎஸ்ஸை மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருந்தால் டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி சரி, மீட்டரும் அழகாக 12.1 என்று காட்டும். ஆனால் மீட்டர் காட்டுவது சராசரி. அதன்மேல் 120 மில்லிவோல்ட்டுக்குமேல் அலை ஏறியிருந்தால் சிப் தடுமாறலாம், அந்த வேகமான அலையை, மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் என்ற கருவிதான் காட்டும். அது இல்லாத நாம் செய்யக்கூடியது, தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒருநாள் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது.

எல்லாத் தடயமும் கிராபிக்ஸ் கார்டையே கைகாட்டினால் புதுக் கார்டு விசாரிக்கும் முன் மதர்போர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் ஒரு வீடியோ சாக்கெட் இருந்து, பிராசசருக்குள்ளும் கிராபிக்ஸ் இருந்தால், கார்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கேபிளை அங்கே மாட்டுங்கள். வேர்டு, பிரவுசர், யூடியூப் அளவுக்கு அதுவே தாராளம்.