செயற்கை எண்ணெய் அன்று, தொகுப்பு எண்ணெய்

நண்பர் ஒருவர் தம் காரின் பயனர் கையேட்டைக் கொண்டுவந்து, பென்சிலால் கோடிட்டிருந்த ஒரு வரியைக் காட்டினார். “முழுச் செயற்கை எண்ணெயை மட்டும் பயன்படுத்தவும்” என்று அதில் அச்சிட்டிருந்தது. “செயற்கை என்று அவர்களே சொல்கிறார்கள். அதற்குப் போய் ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்? இயற்கையானதையே ஊற்றிவிடலாமே” என்பது அவர் கேள்வி. அவர்மேல் தவறில்லை. தமிழ் தெரிந்த எவரும் அந்த வரியை அப்படித்தான் படிப்பார். தவறு மொழிபெயர்த்தவருடையது, அதே தவற்றை விளம்பரங்களிலும் கேன்களின் ஒட்டுத்தாள்களிலும் பலமுறை பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

‘செயற்கை’ என்று அவர்கள் மொழிபெயர்த்த ஆங்கிலச் சொல் சிந்தெடிக். அது கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘சின்’ என்றால் உடன், ஒன்றாக. ‘திதேமி’ என்றால் வைக்கிறேன். இரண்டும் சேர்ந்த ‘சிந்தெசிஸ்’ ஒன்றுசேர்த்து வைத்தலைக் குறிக்கும். போலி, மாற்று, இயற்கைக்கு எதிரானது என்ற பொருள் எதுவும் அதன் வேரில் இல்லை.

செயற்கை என்பதோ இயற்கைக்கு எதிரிணையான சொல். இயல் என்பதோடு கை சேர்ந்து இயற்கை ஆனதுபோல, செயல் என்பதோடு கை சேர்ந்து செயற்கை ஆயிற்று. ‘செய்யப்பட்டது’ என்ற அளவில் பொருந்துகிறதே என்று சிலர் வாதிடுவர். ஆனால் ஒரு சொல் அகராதியில் மட்டும் வாழ்வதில்லை. செயற்கைக் கால், செயற்கைப் பல், செயற்கை மணம் என்னும்போது, உண்மையான ஒன்று இல்லாத இடத்தில் அதற்கு ஈடாக வைத்ததையே நினைக்கிறோம். ஒருவர் பேச்சு செயற்கையாக இருந்தது என்றால் அது பாராட்டு ஆகாது. செயற்கை ரப்பர் என்பதைக்கூட நான் ஏற்பேன். மரத்துப் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர் என ஒன்று இருப்பதால் அங்கே இணை நிற்கிறது. எஞ்சின் எண்ணெயில் அப்படி எந்த இயற்கைப் பொருள் இருக்கிறது? கச்சா எண்ணெயை வெற்றிடத்தில் வாலைவடித்து, கரைப்பான் கொண்டு வேண்டாத சேர்மங்களை நீக்கி, மெழுகைப் பிரித்து, துப்புரவுக்கும் தேய்மானத் தடுப்புக்கும் உரிய வேதிப்பொருள்களைச் சேர்த்த பிறகே ‘சாதாரண’ எண்ணெய் கேனுக்கு வருகிறது. அதை இயற்கை எண்ணெய் என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பிழை தன் இணைப்பிழையைத் தானே ஈன்றுவிடுகிறது.

நம் பள்ளிப் பாடநூல் இதே வேர்ச்சொல்லை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். இலை ஒளியைக் கொண்டு மாவுப்பொருள் ஆக்கும் ‘ஃபோட்டோசிந்தெசிஸ்’ என்பதை ஒளிச்சேர்க்கை என்றார்கள். ‘ஒளிச்செயற்கை’ என்று எவரும் எழுதவில்லை. வேதியியலிலும் பிரித்தறிவது பகுப்பு, சிறு மூலக்கூறுகளிலிருந்து பெரியதைக் கட்டுவது தொகுப்பு என்று இணையாக வழங்குகிறோம். கையில் சரியான சொல் இருக்கும்போது, அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது. பொருள் என்ன, அது எப்படி உருவாகிறது என்று ஒருமுறை கேட்டிருந்தாலே போதும்.

அது உருவாகும் விதத்தைச் சொன்னால் ‘தொகுப்பு’ எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும். எத்திலீன் வாயுவிலிருந்து பத்துக் கரிம அணுக்கள் கொண்ட டெசீனை ஆக்கி, அந்த மூலக்கூறுகளை மூன்று நான்காக மணி கோப்பதுபோல் கோத்து, ஹைட்ரஜனை ஏற்றி முடிக்கிறார்கள். பாலி ஆல்பா ஓலிஃபின் எனப்படும் இந்த எண்ணெயில் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே அளவினவாக இருப்பதாலும் மெழுகு இல்லாததாலும், கடுங்குளிரிலும் அது உறையாமல் ஓடி எஞ்சினின் மேல்பாகங்களை விரைவில் எட்டுகிறது. சூட்டில் எளிதில் ஆவியாவதும் இல்லை. தொகுப்பு என்றால் கவிதைத் தொகுப்பு அல்லவா நினைவுக்கு வரும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சிதறிக் கிடந்தவற்றை ஒரு திட்டத்தோடு ஒன்றாக்குவதே இரண்டிடத்திலும் பொருள்.

மறுபக்கத்தில், சாதாரண எண்ணெய்க்கு வழங்கும் ‘கனிம எண்ணெய்’ என்ற பெயரும் எனக்கு உறுத்துகிறது. கனிம வேதியியல், கரிம வேதியியல் என்று பிரித்துப் படித்த மாணவர், முழுக்கக் கரிமச் சேர்மங்களால் ஆன ஒரு பொருளைக் கனிமம் என்று ஏன் அழைக்கிறோம் என்று திகைப்பார். எள்ளின் நெய்யே எண்ணெய் ஆகி, இன்று எதற்கும் பொதுப்பெயராய் நிற்கிறது. சொற்பொருள் விரிவதை நான் எதிர்க்கவில்லை. படிப்பவரைத் தவறான முடிவுக்குத் தள்ளும் சொல்லைத்தான் எதிர்க்கிறேன்.

ஆங்கிலச் சொல்லே இன்று நேர்மையாக நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கச்சா எண்ணெயின் மூலக்கூறுகளை ஹைட்ரஜனின் துணையோடு உடைத்துச் சீரமைத்த, எண்ணெய்த் துறையின் வகைப்பாட்டில் ‘மூன்றாம் பிரிவு’ எனப்படும் எண்ணெயையும் சிந்தெடிக் என்ற பெயரால் விற்கலாம் என்று, மொபில், காஸ்ட்ரால் நிறுவனங்களுக்கிடையே எழுந்த வழக்கில் அமெரிக்க விளம்பரத் தன்னொழுங்கு அமைப்பு 1999இல் முடிவு சொன்னது. ஆகவே ஒரே பெயரின்கீழ் இருவேறு பொருள்கள் அடங்குகின்றன. ‘செயற்கை’ இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது. ‘தொகுப்பு’ என்று எழுதினால், எதிலிருந்து தொகுத்தார்கள் என்ற கேள்வி உடனே எழுகிறது. கூடுதல் விலை கொடுப்பவர் கேட்க வேண்டியதும் அதுவே. ‘அரைச்செயற்கை’ என்பது இன்னும் மோசம். அது இருவகை எண்ணெய்களின் கலவை. எவ்வளவுக்கு எவ்வளவு என்ற கட்டாய விகிதம் கிடையாது. கலப்பு எண்ணெய் என்றாலே போதும்.

கூடுதல் விலைக்குத் தகுமா என்பதற்கு வருகிறேன். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2017இல் வெளியிட்ட ஆய்வில், தொகுப்பு எண்ணெய்கள் சாதாரண எண்ணெய்களைவிடச் சராசரியாக 47 விழுக்காடு மேம்பட்டிருந்தன. அது ஆய்வகச் சோதனைகளின் கணக்கு. எஞ்சின் அவ்வளவு கூடுதலாக உழைக்கும் என்று அதற்குப் பொருளில்லை. டர்போ உள்ள எஞ்சினுக்கும், கடுங்குளிரிலோ கடும் சுமையிலோ ஓடும் வண்டிக்கும் அந்தச் செலவு தகும். கையேடு சாதாரண எண்ணெயையே ஏற்கிறது, உரிய காலத்தில் தவறாமல் மாற்றவும் செய்கிறோம் என்றால், பழைய எளிய எஞ்சினுக்கு அது கட்டாயமன்று.

நண்பரின் கையேட்டில் அந்த வரிக்குக் கீழே 0டபிள்யூ-20 என்ற பாகுத்தன்மைக் குறியீடு இருந்தது. குளிரில் அவ்வளவு இளகி ஓட வேண்டிய எண்ணெயைப் பழைய முறையில் வடித்த எண்ணெயிலிருந்து ஆக்குவது இயலாது என்று விளக்கினேன். அவர் பென்சிலை எடுத்து, ‘செயற்கை’யை அடித்துவிட்டு மேலே ‘தொகுப்பு’ என்று எழுதிக்கொண்டார்.