கரையில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், சனி ஞாயிறு மாலைகளில் எங்கள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கடற்கரையிலிருந்து நேராகக் குழந்தைகள் வருவார்கள். தலைமுடியில் மணல் ஒட்டியிருக்கும், உடம்பைத் துண்டில் சுற்றியிருப்பார்கள், தூக்கி வருபவரின் பேன்ட் முட்டிவரை நனைந்திருக்கும். குழந்தை அழுதுகொண்டே வந்தால் எங்களுக்குப் பாதி நிம்மதி. அழுவதற்கு மூச்சு வேண்டுமே.

குழந்தை கொஞ்சம் தேறிய பிறகு, என்ன நடந்தது என்று பெற்றோரிடம் விசாரிப்பேன். "தனியா விடவே இல்லை டாக்டர், குடும்பத்தோட போயிருந்தோம்" என்பார்கள். அப்புறம் மெல்ல மெல்ல விஷயம் வெளியே வரும். குழந்தை அம்மாவிடம் இருப்பதாக அப்பா நினைத்திருப்பார். அம்மா பஜ்ஜிக்குக் காசு கொடுக்கத் திரும்பியிருப்பார், சித்தி பக்கத்தில்தானே நிற்கிறாள் என்ற தைரியத்தில். சித்தி, பெரியவனை போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார். யாரும் பொய் சொல்வதில்லை. எல்லாரும் அங்கேதான் இருந்திருக்கிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்று ஒருவர் மட்டும் இல்லை.

குடும்பங்கள் மாறும், இந்தக் கதை மாறுவதே இல்லை. அதனால் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: குழந்தையைப் பார்க்க ஒரே ஒரு ஆளைப் பெயர் சொல்லி நிறுத்துங்கள். "இப்ப நான் பார்க்கிறேன்" என்று அவர் வாய்விட்டுச் சொல்லட்டும். இருபது நிமிடம் கழித்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது, "இனிமே நீங்க பாருங்க மாமா" என்று சொல்லி, அவர் "சரி" என்ற பிறகுதான் நகர வேண்டும். அந்த இருபது நிமிடமும் அவர் கையில் போன் இருக்கக் கூடாது, சுண்டல் பொட்டலமும் இருக்கக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கை நீட்டினால் குழந்தையைத் தொட வேண்டும், அவ்வளவு பக்கம். கரையில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு "அங்கதான் விளையாடுறான்" என்பது பார்த்துக்கொள்வதில் சேராது. ஒன்பது வயது அக்காவிடம் மூன்று வயதுத் தம்பியை ஒப்படைக்கவும் கூடாது. அவளும் குழந்தைதான், தம்பியை அலை இழுத்தால் அவளும் பின்னாலேயே ஓடுவாள்.

ஏன் இவ்வளவு கறார்? நீரில் மூழ்கும் குழந்தை சத்தம் போடாது. கையைத் தூக்கி "அம்மா" என்று கத்தும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த நொடியில் மூச்சிழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்துவதற்கு இருக்காது. கைகள் தன்னிச்சையாகத் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். அசைத்துக் கூப்பிட வராது. சின்னக் குழந்தை அரை நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். பக்கத்தில் நிற்பவருக்கு அது தண்ணீரில் விளையாடுவது போலவே தெரியும். 2021-இல் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை.

"கால்தானே நனைச்சான், ஆழத்துக்கே போகலையே" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. அலை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தையின் உயரத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். உங்கள் முட்டி அளவு அலை இரண்டு வயதுக் குழந்தைக்கு மார்பளவு. அது வரும்போது தள்ளுவதைவிட, திரும்பிப் போகும்போது இழுப்பதுதான் மோசம். பாதத்தைச் சுற்றியுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும், குதிகால் புதையும், குழந்தை மல்லாந்து விழும். சின்னக் குழந்தைகளுக்கு உடம்போடு பார்த்தால் தலை கனம், விழுந்தால் தானாக நிமிர்ந்து எழ முடியாது. அதற்குள் அடுத்த அலை வந்துவிடும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1000 கிலோ. நம் குழந்தை பன்னிரண்டு கிலோ இருக்கும். மெரினா போன்ற கரைகளில் மணல் சரிவு வேறு செங்குத்தாக இறங்கும். இரண்டு எட்டு வைத்தால் பெரியவர்களுக்கே இடுப்பளவு வந்துவிடும். அங்கே குளிக்கக் கூடாது என்று போலீஸ்காரர்கள் விசில் ஊதி விரட்டுவது இதனால்தான். அவர்கள் நகர்ந்ததும் மறுபடி இறங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், தோளில் குழந்தையோடு.

அமைதியாகத் தெரியும் இடமே பத்திரமான இடம் என்பது இன்னொரு தப்புக் கணக்கு. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்தோ மணல் கலங்கியோ தெரிந்தால், குழந்தையோடு அந்தப் பக்கமே போகாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். ரிப் கரண்ட் என்பது அதுதான். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திப் போராடக் கூடாது. மிதந்தபடியே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பைவிட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். பெரியவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்கலாம், மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆற்று முகத்துவாரங்களும் அப்படித்தான். பெசன்ட் நகருக்கு வடக்கே அடையாறு கடலில் கலக்கும் இடம் பார்க்கக் குளம் போல இருக்கும். கடல் நீரின் ஏற்றம், இறக்கம் மாறும்போது அங்கே தண்ணீர் ஓடும் வேகம் கரையில் நிற்பவர்களுக்குத் தெரியாது.

தெற்கே போகிறவர்கள் கள்ளக்கடல் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ அடித்த புயல்காற்றின் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து கேரளக் கரையிலும் நம் கன்னியாகுமரிக் கரையிலும் வந்து ஏறும். இங்கே மழையோ காற்றோ இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். அலை மட்டும் திடீரென்று உயர்ந்து, அதுவரை ஈரமே படாத இடத்துக்கு வரும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். வளர்ந்த பிள்ளைகள், நல்ல உடல்வாகு உள்ளவர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாட்கள் அவை. ஹைதராபாத்தில் இருக்கும், கடல் நிலவரம் சொல்லும் அரசு மையமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது, செய்திகளிலும் வந்துவிடும். ஊருக்குக் கிளம்புமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். கரையில் இறங்கியதும் பக்கத்துக் குப்பத்து மீனவர் யாரையாவது கேளுங்கள், "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?" என்று. வலை பின்னிக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்லும் பதிலை நான் முழுசாக நம்புவேன். ஆபத்து என்றால் முதலில் ஓடிவந்து குதிப்பவர்களும் அவர்கள்தான்.

நேரத்தையும் கவனியுங்கள். மே மாதப் பகலில் சுடுமணல் குழந்தையின் உள்ளங்காலைக் கொப்புளமாக்கிவிடும், அதனால் நாம் எல்லாரும் வெயில் தாழ்ந்துதான் போகிறோம். கிழக்குக் கரையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் மறைகிறது. ஆறரை மணிக்குக் கடைகளில் விளக்கு பளிச்சென்று எரியும்போது, அலை ஓரம் இருட்டாகிவிடும். வெளிச்சத்தில் நிற்கும் உங்கள் கண்ணுக்கு இருட்டில் நிற்கும் குழந்தை தெரியாது. பொழுது சாயத் தொடங்கினால் குழந்தையைத் தண்ணீரை விட்டு மேலே கூட்டி வந்துவிடுங்கள்.

உடுப்பு விஷயம் சின்னதுதான், ஆனால் உதவும். நீலம், வெள்ளை, சாம்பல் நிறங்கள் தண்ணீரில் கரைந்துபோகும். அடர்ந்த ஆரஞ்சு அல்லது பளீரென்ற பிங்க் போட்டுவிடுங்கள். தொங்கத் தொங்கப் பாவாடை வேண்டாம். நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். கையில் மாட்டும் காற்றடைத்த பட்டையும் வாத்து மிதவையும் விளையாட்டுச் சாமான்கள், உயிர்காக்கும் சாமான்கள் இல்லை. கரையிலிருந்து காற்று வீசினால் அவையே குழந்தையை உள்ளே கொண்டுபோய்விடும். பந்து கடலுக்குள் போனால் போகட்டும் என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பந்தை எடுக்கப் போய்த்தான் பல குழந்தைகள் இறங்குகிறார்கள்.

தண்ணீரை விட்டால் மணலே ஒரு ஆபத்து என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. குழி தோண்டி அதற்குள் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். ஈர மணல் சுவர் முன்னறிவிப்பே இல்லாமல் சரியும். மார்பைச் சுற்றி மணல் இறுகிவிட்டால் முகம் வெளியே இருந்தாலும் மூச்சு விட முடியாது, தோண்டத் தோண்ட மறுபடி சரிந்துகொண்டே இருக்கும். உங்களோடு வந்தவர்களிலேயே ரொம்பச் சின்னக் குழந்தையின் முட்டிக்கு மேல் ஆழமாகக் குழி வேண்டாம். கிளம்பும்போது அதை மூடிவிட்டுப் போங்கள்.

கரையில் ஒதுங்கும் சொறி மீனை, செத்தது மாதிரி கிடந்தாலும், குழந்தை தொட விடாதீர்கள். அதன் இழைகள் அப்போதும் கொட்டும். பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காமல், நல்ல தண்ணீரும் ஊற்றாமல், கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் மெல்ல எடுங்கள். பிறகு தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தால் வலி குறையும். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனை. நாய் கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்கு வந்துவிட வேண்டும்.

கூட்டத்தில் தொலைவது தனிக் கதை. காணும் பொங்கலன்று சென்னைப் போலீஸார் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவார்கள். அருமையான ஏற்பாடு. சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் அதை நாமே செய்யலாம், பால்பாயின்ட் பேனாவால் முன்கையில் நம்பரை எழுதினால் போதும். குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் ஓரத்தைப் பாருங்கள். ஐஸ்கிரீம் கடையையும் ராட்டினத்தையும் மற்றவர்கள் தேடட்டும்.

இனி, விபரீதம் நடந்துவிட்டால். குழந்தை இழுபடுவதைப் பார்த்ததும் நீச்சல் தெரியாத அப்பா குதிப்பார், தெரிந்த விஷயம்தான். இரண்டு உயிர் போன வீடுகள் உண்டு. முதலில் கத்தி ஆள் கூப்பிடுங்கள். மிதக்கிற எதையாவது வீசுங்கள், மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன்கூட ஆளைத் தாங்கும். எட்டும் தூரம் என்றால் புடவையையோ வேட்டியையோ வீசிப் பிடிக்கச் சொல்லி இழுக்கலாம்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நம் ஊரில் செய்வது என்ன? தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பார்கள். தயவுசெய்து யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். அமுக்கும்போது வெளியே வருவது வயிற்றுத் தண்ணீர்; அது வரும் வழியில் சோறும் சேர்ந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நுரையீரலுக்குள் போன தண்ணீரை அப்படி எடுக்கவும் முடியாது. குழந்தைக்கு அந்த நிமிடம் தேவை காற்று. மூளை சில நிமிடங்களுக்கு மேல் பொறுக்காது.

ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தையைக் கெட்டியான மணலில் மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடிக்குள் பாருங்கள். மூச்சு இல்லையென்றால் தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள், ஒவ்வொரு முறையும் மார்பு எழும்புகிற அளவுக்கு. ஒரு வயதுக்குள் என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊத வேண்டும். அசைவே இல்லையென்றால் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, கைக்குழந்தைக்கு மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால், மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி அழுத்துங்கள். 30 அழுத்தம், 2 ஊதல், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகத்தில். வாயில் நுரை வந்துகொண்டே இருந்தால் துடைத்துக்கொண்டிருக்காமல் ஊதுங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துத் திருப்பி, சுத்தம் செய்துவிட்டுத் தொடருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. இதைப் படித்தால் மட்டும் போதாது. கை பழக வேண்டும். முதலுதவிப் பயிற்சி வகுப்பில் பொம்மையை வைத்துச் சொல்லித்தருவார்கள், ஒரு நாள் செலவு செய்து கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியையும் கூட்டிப் போங்கள்.

குழந்தை தானாகவே இருமி எழுந்துவிட்டால் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, திருஷ்டி சுற்றிப் போட்டு, வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே போன கொஞ்சம் தண்ணீர் நுரையீரலில் வேலையைக் காட்டச் சில மணி நேரம் ஆகலாம். மூழ்கி எடுக்கப்பட்ட குழந்தை தெம்பாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வைத்துப் பார்ப்போம். இருமல் நிற்காமல் வருவது, மூச்சு வேகமாக வாங்குவது, மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்குவது, வாயில் நுரை, மறுபடி மறுபடி வாந்தி, கூப்பிட்டால் சரியாகக் கண் திறக்காத தூக்கம், இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வரும் வழியில் காரில் தூங்கிவிட்டால் களைப்பு என்று விட்டுவிடாமல் எழுப்பிப் பாருங்கள். ராத்திரி எந்த நேரமானாலும் கொண்டு வாருங்கள். யாரும் உங்களைத் திட்ட மாட்டோம், எத்தனை நிமிடம் தண்ணீருக்குள் இருந்தான், எடுத்தபோது மூச்சு இருந்ததா என்று மட்டும் கேட்போம்.