கறுக்க மறந்த வெல்டிங் ஹெல்மெட்

வெல்டிங் ராடை இரும்பில் உரசியதும் பளீரென்று ஒரு வெளிச்சம் கண்ணில் அடித்தது. அதற்கப்புறம்தான் ஹெல்மெட் கண்ணாடி கறுத்தது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை கறுக்கவே இல்லை. ஹெல்மெட்டைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்து எடுத்தேன், ஒழுங்காக வேலை செய்தது. நிழலில் கொஞ்ச நேரம் கிடந்ததும் பழையபடி தகராறு.

தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வைத்திருப்பவர்கள் பலரும் இந்தக் கட்டத்தில் "கண்ணாடி போயிடுச்சு" என்று சொல்லிப் புதிது வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் தீர்ந்துபோயிருப்பது உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரிதான். ஆனால் முன்பக்கம் சோலார் பட்டை இருக்கிறதே, அப்புறம் பேட்டரி எதற்கு? இதற்குப் பதில் தெரிய, ஹெல்மெட்டில் கண்ணுக்கு நேராக இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடி ஜன்னலுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஜன்னலின் முன்னால் இருப்பது மிக மெல்லிய படலங்கள் பூசிய கண்ணாடி. ஆர்க்கின், அதாவது ராடுக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறியின், புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுப்பது இதுதான். இதற்கு மின்சாரமே வேண்டாம். தரச்சான்று பெற்ற ஹெல்மெட் என்றால் பேட்டரி செத்துக் கிடந்தாலும் இந்தத் தடுப்பு அப்படியே இருக்கும். வெல்டிங் பார்த்த இரவு கண்ணில் மணலைக் கொட்டியது போல உறுத்துமே, அது புற ஊதாக் கதிர் கருவிழியைச் சுட்டதால் வருவது. அதிலிருந்து காப்பது இந்தப் படலம்தான்.

கறுக்கும் வேலை அதற்குப் பின்னால் நடக்கிறது. போலரைசர் என்ற தகடு ஒரே ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். இரண்டு போலரைசர்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் ஒளி கிட்டத்தட்ட நின்றுபோகும். நடுவில் திரவப் படிகத்தை வைத்தால் கதை மாறுகிறது. அதன் மூலக்கூறுகள் சுழல் படிக்கட்டு போலத் திருகி நின்று, ஒளியின் அதிர்வுத் திசையையும் தங்களோடு திருப்பிவிடும். ஒளி இரண்டாவது தகட்டையும் தாண்டிப் போய்விடும். மின்னழுத்தம் கொடுத்ததும் மூலக்கூறுகள் திருகலை விட்டு நிமிர்ந்துகொள்ளும், வழி அடைபடும். கால்குலேட்டரில் எண்கள் கறுப்பாகத் தெரிவதும் இப்படித்தான். ஆர்க்கின் வெளிச்சத்துக்கு ஒரு படிக அடுக்கு போதாது என்பதால் பொதுவாக இரண்டு வைக்கிறார்கள். ஸ்வீடனின் ஹோர்னெல் நிறுவனம் 1981இல் ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆக, மின்சாரம் இருந்தால் கறுப்பு, இல்லாவிட்டால் வெளிச்சம். பேட்டரி போனால் கண்ணாடி கறுப்பில் நிற்காமல் வெளிச்சத்தில் போய் நிற்கிறது. இந்த அமைப்பில் எனக்கு உறுத்துகிற ஒரே இடம் இது.

எவ்வளவு வெளிச்சம் என்பதை ஷேடு எண் சொல்லும். கறுக்காத நிலையில் பெரும்பாலும் ஷேடு 3 அல்லது 4. ஷேடு 3 கண்ணாடி, வரும் வெளிச்சத்தில் சுமார் 14 சதவீதத்தை உள்ளே விடும். கறுத்த நிலையில் வரும் ஷேடு 10 விடுவது சுமார் 0.014 சதவீதம். எண்ணில் 7 கூடினால் வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும்படி வகுத்த கணக்கு அது. கறுக்காத ஹெல்மெட்டோடு ஆர்க் அடித்தால், கண்ணுக்கு வர வேண்டியதைப் போல ஆயிரம் மடங்கு வெளிச்சம் வருகிறது என்று அர்த்தம். புற ஊதாக் கதிர் நின்றாலும் இந்த வெளிச்சம் விழித்திரைக்குக் கெடுதல். "பரவாயில்லை, லேசாகக் கண் கூசுகிறது, அவ்வளவுதானே" என்று வேலையைத் தொடரவே கூடாது.

இப்போது பேட்டரிக்கு வருவோம். நல்ல ஹெல்மெட் 25,000இல் ஒரு பங்கு நொடிக்குள் கறுத்துவிடும். ஆர்க் எரிய ஆரம்பித்ததும் அந்த வெளிச்சத்திலேயே சோலார் பட்டை மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் முதல் பொறி விழும் அந்தக் கணத்துக்கு முன்பே, ஆர்க்கை உணர்ந்து கறுக்கச் சொல்லும் சென்சார் விழித்திருக்க வேண்டும். அந்த முதல் கணத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் பேட்டரி. வெயிலில் வைத்ததும் என் ஹெல்மெட் உயிர் பெற்றதற்கும் இதுதான் காரணம். சோலார் பட்டை மின்சுற்றில் கொஞ்சம் மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்தது, நிழலில் அது வடிந்துபோனது.

அரைகுறையாகச் செத்த பேட்டரி இன்னும் மோசம். திரவப் படிகம் கறுக்க எடுக்கும் நேரம் ஏறத்தாழ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். படிகத்துக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் மூன்றில் இரண்டு பங்கானால் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். முழுக் கறுப்பும் வராது. முதல் இரண்டு ஆர்க்கில் தாமதமாகக் கறுத்தது எனக்குக் கிடைத்த எச்சரிக்கை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

சரி, மாற்றுவது எப்படி? பக்கவாட்டில் சின்ன மூடி இருந்தால் அதிர்ஷ்டம். பேட்டரி மேலேயே பெயர் எழுதியிருக்கும். சிஆர்2450 என்றால் 24.5 மில்லிமீட்டர் விட்டம், 5 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு பேட்டரி இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். எல்ஐஆர் என்று தொடங்குவது சார்ஜ் ஏற்றும் வகை, முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும். சிஆர் வகை 3 வோல்ட், அதில் சார்ஜ் ஏற்றினால் வெடிக்கக்கூடும். எது இருந்ததோ அதையே போடுங்கள்.

விலை குறைந்த ஹெல்மெட்டுகளில் மூடியே இருக்காது. கண்ணாடியும் மின்சுற்றும் அடங்கிய பெட்டியான கார்ட்ரிட்ஜின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, பேட்டரியை உள்ளே சால்டர் வைத்து மூடியிருப்பார்கள். ஒட்டிய கோட்டில் மெல்லிய பிளேடால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறித் திறக்க வேண்டும். பிளேடு ஆழமாக இறங்கினால் கண்ணாடிக்குப் போகும் மெல்லிய ஒயர்கள் அறுந்துவிடும், அதற்கப்புறம் சரிசெய்ய முடியாது. திறந்ததும் முதல் வேலையாக போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் எந்தப் பக்கம், இரண்டு பேட்டரியும் தொடராக இருக்கிறதா பக்க இணைப்பில் இருக்கிறதா என்பது அதில் பதிவாகிவிடும்.

பேட்டரியின் மேல் நேராகச் சால்டர் வைக்காதீர்கள். சூட்டில் அதன் அடைப்பு உருகிக் கசியும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பக்கமும் தகடு ஸ்பாட் வெல்டிங் செய்தே விற்கும் பேட்டரிகள் கடையில் கிடைக்கும். சால்டரை அந்தத் தகட்டில் வைக்கலாம்.

மூடுவதற்கு முன் சோதித்துவிடுங்கள். போன் டார்ச்சைக் காட்டினால் பல ஹெல்மெட்டுகள் அசையாது. சென்சார் அகச்சிவப்பைத்தான் அதிகம் உணரும், எல்இடி வெளிச்சத்தில் அது மிகக் குறைவு. சிகரெட் லைட்டரின் சுடரைச் சென்சார் முன் காட்டினால் கறுக்க வேண்டும். சோலார் பட்டையைத் துணியால் மூடிவிட்டும் ஒருமுறை காட்டிப் பாருங்கள். அப்போதும் உடனே கறுத்தால் புதுப் பேட்டரி தன் வேலையைச் செய்கிறது.

கழற்றிய பேட்டரியை மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். செத்ததாகத் தெரிந்தாலும் அதில் மிச்ச மின்சாரம் உண்டு. குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, எலக்ட்ரானிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.