பின்பக்கத்தையும் ஸ்கான் பண்ணுங்கள்

போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா ஒரு பென் டிரைவோடு வந்தார். தகப்பனாரின் அல்பத்தில் இருந்த 140 படங்களையும் மகன் போனில் எடுத்து பேஸ்புக்கில் போட்டுவிட்டாராம். "எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்கியாச்சு" என்றார் நிம்மதியாக. அல்பம் எங்கே என்று கேட்டேன். வீடு மாறும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்று. செட்டியார் தெருவில் ஒரு கடை வாசலில் ஐந்து பேர் நிற்கும் படம் அதில் இருக்கிறது. நடுவில் நிற்பவர் அவருடைய தாத்தா. மற்ற நாலு பேரும் யார்? "அப்பா பின்னுக்கு எல்லாப் பேரையும் எழுதி வைத்திருந்தார்." பின்பக்கத்தை யாரும் எடுக்கவில்லை.

பழைய படங்களைப் பேணுவதும் ஸ்கான் செய்வதும் என் தொழில். இந்த வருடத்தில் இது நாலாவது அல்பம். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

படம் என்றால் முன்பக்கம் மட்டும்தான் என்று நினைக்கிறீர்கள். இல்லை. பின்பக்கத்தில் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், ஸ்டூடியோ முத்திரை இருக்கும். பிளாட்டே கம்பனியின் முத்திரை இருந்தால் அந்தப் பிரதி 1890க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஏனென்றால் அந்த ஸ்டூடியோ தொடங்கியதே அந்த ஆண்டில்தான். எழுத்தே இல்லாவிட்டாலும் பசை ஒட்டிய தடம் இருக்கும். அது எந்த அல்பத்தில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று அதை வைத்துச் சொல்லலாம். பக்கத்துப் படம் ஒரு கலியாண வீடு என்றால், இதுவும் அதே நாளில் எடுத்ததா என்று தேடலாம். எங்களுடைய வேலையில் பாதி இந்தத் தேடல்தான். முன்பக்கத்தை மட்டும் தந்துவிட்டு "இது யார், எப்போது?" என்று கேட்டால் நான் எங்கே போய்த் தேடுவது?

விவரம் இல்லாத படத்துக்கு யாரோ ஒருவர் விவரம் எழுதிவிடுவார். '1920களின் யாழ்ப்பாணம்' என்று ஒரு படம் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் நிற்கும் காரின் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது. அந்த எழுத்து தகடுகளில் வந்ததே 1950களின் பிற்பகுதியில்தான். அதை எதிர்த்து நம்மவர்கள் போராடிய கதை தெரிந்த வீடுகளிலேயே இந்தப் படத்தை நம்பிப் பகிர்கிறார்கள். அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைப் பலகை, வாகனம், கட்டடம், எல்லாமே சாட்சி. கொழும்பில் பழைய பாராளுமன்றக் கட்டடம் முழுதாகக் கட்டி முடிந்து தெரிந்தால் 1920களின் தொடக்கம் என்று எழுதாதீர்கள், அது திறந்ததே 1930இல்தான்.

அப்புறம், தயவுசெய்து ஏஐயிடம் கொடுத்து நிறம் பூசாதீர்கள். அம்மம்மாவின் சேலை என்ன நிறம் என்று அதற்குத் தெரியாது. மங்கிய முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று வேறொருவரின் கண்ணை வைத்துவிடும். கட்டாயம் செய்ய வேண்டுமென்றால் மூலத்தையும் பக்கத்தில் போட்டு, 'நிறம் சேர்த்தது' என்று எழுதுங்கள்.

ஆவணக் காப்பகங்கள் படங்களை இணையத்தில் விடுவது நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும்தான். 2008 ஜனவரியில் அமெரிக்காவின் லைப்ரரி ஒஃப் கொங்கிரஸ் சுமார் 3,000 படங்களை, படம் பகிரும் தளமான ஃப்ளிக்கரில் போட்டது. பார்த்தவர்கள் ஆளையும் இடத்தையும் ஆதாரத்தோடு சொல்லச் சொல்ல, அதன் பட்டியலைத் திருத்தினார்கள். பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகமும் சி.ஓ. 1069 என்ற குடியேற்றநாட்டு அலுவலகத் தொகுப்பை இப்படித் திறந்துவிட்டது. இலங்கைப் படங்களும் அதில் உண்டு. அந்தக் காலத்துப் படங்களில் நம் ஆட்களுக்குப் பெயர் அரிது. 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்பவர்', அவ்வளவுதான். அந்த முகம் உங்கள் பூட்டியாக இருக்கலாம். தெரிந்தால் எழுதுங்கள், எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஊகம் என்றால் ஊகம் என்றே சொல்லுங்கள். அங்கிருந்து எடுத்துப் பகிரும்போது தொகுப்பு இலக்கத்தையும் இணைப்பையும் விடாதீர்கள், ஓரத்தை வெட்டாதீர்கள்.

வீட்டுப் படங்களுக்கு: இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐயில் (ஸ்கானரில் நுணுக்கத்தின் அளவு) ஸ்கான் பண்ணி, டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். அல்பத்தைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படம் எடுங்கள். வட்ஸ்அப்பில் வந்த பிரதியை மூலமாக நினைக்க வேண்டாம், அது சுருக்கப்பட்டது. பேனாவால் எழுத வேண்டாம். மெல்லிய பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். லெமினேட் வேண்டாம், செலோடேப் வேண்டாம், ஒட்டும் பக்கம் வைத்த அல்பமும் வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை இழுக்காதீர்கள்! கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் பண்ணலாம். கொழும்பின் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். குளியலறைச் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள். ஸ்கான் முடிந்த பிறகும் மூலம் மூலம்தான், எறிய வேண்டாம்.

வீட்டில் வயதானவர் இருந்தால் இதெல்லாம் பிறகு. முதலில் அல்பத்தை அவர் மடியில் வைத்து, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேளுங்கள். போனில் குரலைப் பதிவு செய்தாலும் போதும்.

அந்த அக்காவின் அல்பம் நீலத் துணி அட்டை போட்டது, மூலையில் ஈயக் கறை இருக்குமாம். வெள்ளவத்தைப் பக்கம் பழைய பேப்பர் கடையில் எங்காவது கண்டால், கிழித்துவிட முன் வாங்கி வைத்துவிட்டு எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.